கணினி கேள்வி-பதில்: நேற்றுவரை ஓடியது, இன்று தவழ்கிறது

கேள்வி: எங்கள் ஜெராக்ஸ் கடை டெஸ்க்டாப்புக்கு ஆறு வயது. ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. காலையில் போட்டதும் 20 நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு மவுஸ் அம்புக்குறிகூட விட்டுவிட்டு நகர்கிறது. வைரஸ் என்று சொல்லி இரண்டு முறை ஃபார்மட் அடித்தும் பலனில்லை. – வாசகர், திருப்பத்தூர்

பதில்: மூன்றாவது முறை ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். ஆறியிருக்கும்போது ஓடி, சூடேறியதும் படுத்துக்கொள்ளும் கணினியில் விண்டோஸைக் குறை சொல்வதற்கு முன் பிராசஸரின் மேல் இருக்கும் ஹீட்சிங்க்கை, அதாவது சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகத் தகட்டு அமைப்பைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் இரண்டு நிமிடச் சோதனை ஒன்று. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு (பிராசஸர்) என்பதைச் சொடுக்குங்கள். அங்கே 'ஸ்பீடு' (இப்போதைய வேகம்), 'பேஸ் ஸ்பீடு' (அடிப்படை வேகம்) என்று இரண்டு எண்கள் இருக்கும். சும்மா இருக்கும்போது ஸ்பீடு 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குவது இயல்புதான். மின்சாரத்தை மிச்சப்படுத்த அது தானாகவே இறங்கும். அதனால் ஒரு பெரிய ஃபோல்டரை ஜிப் செய்யக் கொடுத்துவிட்டு, அந்த வேலை நடக்கும்போது பாருங்கள். பேஸ் ஸ்பீடு 2.9 என்றால் அதற்கு மேல் ஓட வேண்டும். அப்போதும் 0.8, 1.2 என்று முடங்கிக் கிடந்தால் பிராசஸர் சூட்டுக்குப் பயந்து தன்னைத்தானே கட்டிப்போட்டிருக்கிறது. கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையையும் பார்த்துவிடுங்கள். வேலை நேரத்தில் 80 டிகிரி வரை கவலை வேண்டாம். 100-ஐத் தொட்டு நின்றால் சந்தேகமே இல்லை. இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் அந்த எல்லையில்தான் கருகிவிடாமலிருக்க வேகத்தை வெட்டுகின்றன.

இனி கேபினெட்டைத் திறக்கலாம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மீதி மின்சாரத்தை வடித்துவிடுங்கள். மேலாகப் பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். தூசி இருப்பது அதற்கு அடியில். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் காகிதத் தூள் கம்பளித் துணிபோல் படிந்து காற்றை அடைத்திருக்கும். ஜெராக்ஸ் கடை என்பதால் டோனர் தூளும் சேர்ந்திருக்கும். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது தாறுமாறாகச் சுழன்று பேரிங் போய்விடும்.

அடுத்து, பலரும் பார்க்கத் தவறும் இடம். பிராசஸரோடு வரும் ஃபேனை மதர்போர்டில் பிடித்து வைத்திருப்பவை நான்கு பிளாஸ்டிக் கால்கள். ஃபார்மட் அடிக்க எடுத்துப் போய்வரும்போது ஏற்படும் அதிர்ச்சியில் ஒரு கால் கழன்றாலும் போதும், ஹீட்சிங்க் ஒரு பக்கம் மயிரிழை தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் புகும் காற்று வெப்பத்தைக் கடத்தாது. ஹீட்சிங்க்கை மெதுவாக ஆட்டிப் பாருங்கள், அசையவே கூடாது. அசைந்தால் அதை முழுவதும் கழற்றிப் புதிய தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) போட்டுத்தான் மாட்ட வேண்டும். ஒருமுறை தூக்கிய பழைய பேஸ்ட் மறுபடி சரியாக ஒட்டாது. ஆறு வருடத்துப் பேஸ்ட் எப்படியும் சுண்ணாம்பாக உலர்ந்திருக்கும்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுப் பழையதை இரண்டு பக்கமும் பளிச்சென்று துடைத்தெடுங்கள். பிராசஸரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் போதும். கால்களை எதிரெதிர் மூலையாக, இரண்டிரண்டாக 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். ஒரே பக்கத்து இரண்டையும் முதலில் அழுத்தினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். ஃபேன் ஒயரைச் செருக மறக்க வேண்டாம்.

கேள்வி: டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம் காட்டுகிறது. ஒரு ஃபோல்டர் திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது. பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க். டிஃப்ராக் செய்யலாமா? – வாசகர், காரைக்கால்

பதில்: வேண்டவே வேண்டாம். இன்றே, இப்போதே முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்கும் சரி, பிழை தேடி முழு டிஸ்க்கையும் படிக்கும் செக்டிஸ்க்கும் சரி, சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஓட ஓட விரட்டுவதுபோல.

காப்பி எடுத்த பிறகு டாஸ்க் மேனேஜரிலேயே டிஸ்க்கின் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' பாருங்கள். அதிக வேலையில்லாத, நல்ல ஹார்டு டிஸ்க்கில் சில பத்து மில்லிவிநாடிகளுக்குள் இருக்கும். படிக்கும் வேகம் விநாடிக்கு ஒரு எம்பிகூட இல்லாமல், இந்த எண் மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறினால், கெட்டுப்போன ஒரு செக்டரை (தரவு பதியும் சிறு பகுதியை) டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. அது முடியும்வரை விண்டோஸும் காத்து நிற்கிறது. மந்தம் அங்கிருந்துதான் வருகிறது.

உறுதிசெய்ய, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05, சி5, சி6 வரிசைகளைப் பாருங்கள். மூன்றுமே கெட்ட செக்டர்களைப் பற்றியவை. சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. அது பூஜ்யமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. இந்த மூன்றும் பூஜ்யமாக இருந்து, தரவு கடத்தும்போது வரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் நல்ல செய்தி: கோளாறு அநேகமாக டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில். கேபிளை மாற்றிப் பாருங்கள். சி7-இன் பழைய எண் அப்படியே இருக்கும், குறையாது. மேலும் ஏறாமல் நின்றாலே சரியாகிவிட்டது என்று பொருள்.

கேள்வி: தூசி தட்டி மாட்டியதிலிருந்து கணினி படு மந்தம். மெமரி 95 சதவீதம் என்கிறது. – வாசகி, கும்பகோணம்

பதில்: துடைக்கும்போது ஒரு ரேம் அசைந்திருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' (ரேம் செருகியுள்ள ஸ்லாட்டுகள்) என்ற இடத்தில் முன்பு இரண்டு இருந்து, இப்போது ஒன்று என்றால் அதேதான். மின்சாரத்தைத் துண்டித்து, ரேமை எடுத்து, தங்க நிறப் பற்களை வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டு, பக்கவாட்டுக் கொக்கி தானாக மூடும்வரை நேராக அழுத்துங்கள். அப்படியும் வராவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு ரேமை மட்டும் இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் பழுது ரேமிலா ஸ்லாட்டிலா என்று தெரிந்துவிடும்.