பெரிய ஃபைல் ஏறவில்லையா? முதலில் லாக்கைப் பாருங்கள்

முகூர்த்த மாதம் முடிந்ததும் ஸ்டுடியோக்காரர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாமே சொந்த சர்வரில் ஓடும் நெக்ஸ்ட்கிளவுட் (ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் மென்பொருள்) பற்றியவை.

கே: போட்டோ ஏறுகிறது. வீடியோ போட்டால் உடனே 413 என்கிறது. (மேலூர்)

ப: 413 என்றால் அனுப்புவது அளவு மீறிவிட்டது என்று பொருள். நெக்ஸ்ட்கிளவுடுக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ்தான் திருப்பி அனுப்புகிறது. அதன் டீஃபால்ட் வரம்பு 1 எம்பிதான். கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸை 512 எம் ஆக்கி ரீலோட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் 413 வந்து, என்ஜின்எக்ஸ் லாக்கில் (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவு ஃபைல்) ஒரு வரிகூட விழவில்லை என்றால், இணையத்தில் அதற்கும் முன்னால் இருக்கும் கிளவுட்ஃப்ளேர் சேவை தடுக்கிறது. இலவசத் திட்டத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 100 எம்பிதான். நெக்ஸ்ட்கிளவுட் ஃபைலை வெட்டி அனுப்பும் சங்க் (துண்டு) அளவை 50 எம்பிக்குக் குறையுங்கள்.

கே: சார், பிஎச்பி ஐஎன்ஐயில் (பிஎச்பியின் செட்டிங் ஃபைல்) அப்லோட் வரம்பு எல்லாவற்றையும் 100ஜி என்று மாற்றிவிட்டேன். அப்படியும் ஏறவில்லை. என்ன செய்வது? (கே.கே.நகர், மதுரை)

ப: எந்த வெர்ஷன், அப்பாச்சியா என்ஜின்எக்ஸா, எரர் எண் என்ன, எத்தனை ஜிபியில் நிற்கிறது? ஒன்றுமே எழுதவில்லை. இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து மாதாமாதம் வருகிறது. யாரோ வீடியோவில் சொன்னார் என்று எண்ணைப் பெருக்குவது வைத்தியம் ஆகாது.

முதலில், நீங்கள் மாற்றியது சரியான ஃபைல்தானா? உபுண்டுவில் சிஎல்ஐக்கு (டெர்மினலில் ஓடும் பிஎச்பி) ஒரு ஐஎன்ஐ, எஃப்பிஎம்முக்கு (வெப் சர்வருக்காக ஓடும் பிஎச்பி) வேறு ஒரு ஐஎன்ஐ. டெர்மினலில் பார்த்துவிட்டு 'மாறிவிட்டது' என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நெக்ஸ்ட்கிளவுட் அட்மின் பக்கத்தில் சிஸ்டம் என்ற இடத்தில் தெரியும் அளவுதான் உண்மை. எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்தீர்களா என்பதும் கேள்வி.

அடுத்தது, பிரவுசர் ஃபைலைத் துண்டு துண்டாகத்தான் அனுப்புகிறது. ஒரு துண்டு 10 எம்பி, புதிய வெர்ஷன்களில் 100 எம்பி. அதற்கு எதற்கு 100ஜி? கதவை அவ்வளவு அகலமாகத் திறந்து வைத்தால், ஒரே ரிக்வெஸ்ட்டில் உங்கள் டெம்ப் (தற்காலிக ஃபைல்) இடத்தை யாரும் நிரப்பிவிடலாம்.

அண்ணாநகரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். இரண்டு நாளாக இதே எண்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாக்கைத் திறந்தேன். முதல் வரியே 'டிவைஸில் இடம் இல்லை'. டேட்டா டிஸ்க்கில் 3 டிபி காலி. ஆனால் டெம்ப் இருந்த ரூட் டிஸ்க் நிரம்பி வழிந்தது. டெம்ப்பைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்ற 10 நிமிடம் ஆனது. பெண் வீட்டார் ஆல்பத்துக்காக இரண்டு நாள் காத்திருந்தார்கள். எண்ணில் கை வைக்கும் முன் லாக்கைப் பாருங்கள். நெக்ஸ்ட்கிளவுட் லாக், வெப் சர்வர் எரர் லாக், இரண்டையும்.

கே: 40 ஜிபி ஃபைல் 100% வரை போய் 504 காட்டுகிறது. (திருமங்கலம்)

ப: துண்டுகள் எல்லாம் வந்துவிட்டன. அவற்றை ஒன்றாக ஒட்டும்போது முன்னால் நிற்கும் ப்ராக்ஸி பதிலுக்குக் காத்திருந்து பொறுமை இழந்துவிடுகிறது. என்ஜின்எக்ஸில் அது 60 விநாடிதான். ரீட் டைம்அவுட்டையும் பிஎச்பியின் எக்ஸிக்யூஷன் டைமையும் 3600 ஆக்குங்கள். ஒட்டி முடியும்வரை துண்டும் இருக்கும், புது ஃபைலும் இருக்கும். அதனால் 80 ஜிபி போல காலி இடம் வேண்டும்.

கே: எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் சரியாக 4 ஜிபியில் நின்றுவிடுகிறது. (உசிலம்பட்டி)

ப: டிஸ்க்கின் ஃபார்மட் எஃப்ஏடி32. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இருப்பதை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்யுங்கள்.

கே: அழகர் ஆற்றில் இறங்கும் வீடியோ, 60 ஜிபி. சர்வர் கீழ் மாடியில், நான் மேல் மாடியில். ஏற்ற ராத்திரி முழுவதும் ஆகிறது, பாதியில் அறுந்தும் போகிறது. (தல்லாகுளம்)

ப: டொமைன் பெயரைப் போட்டுத்தானே திறக்கிறீர்கள்? கிளவுட்ஃப்ளேர் வழியாக என்றால் வீடியோ ஊர் சுற்றிவிட்டுக் கீழ் மாடிக்கு வருகிறது. 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 60 ஜிபிக்கு ஏழு மணி நேரம் பிடிக்கும். ரூட்டரின் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி சொல்லும் பட்டியல்) அதே பெயருக்கு சர்வரின் உள் ஐபியைக் கொடுங்கள். அப்புறம் லேன் கேபிள் போடுங்கள். கிகாபிட் என்றால் 10 நிமிடத்து வேலை. கரண்ட் போனால் அறுந்துவிடும், ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

கே: பச்சை டிக் வந்துவிட்டது. மெமரி கார்டை ஃபார்மட் செய்யலாமா? (சிம்மக்கல்)

ப: கூடாது. இரண்டு பக்கமும் ஃபைல் அளவு பைட் வரை ஒன்றா என்று பாருங்கள். வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, கடைசி ஒரு நிமிடத்தை ஓடவிட்டுப் பாருங்கள். இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது காப்பி எடுத்தபிறகு கார்டில் கை வையுங்கள்.