தரம் பிரிக்கத் தெரிந்த பையன்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். சிறப்புப் பள்ளி முடிந்ததிலிருந்து வீட்டில் டிவிதான். ஆனால் பாத்திரங்களையும் துணிகளையும் இனம் பிரித்து அடுக்க அவனுக்கு அலுப்பதே இல்லை. "மாசம் 2,000 ரூபாய் உதவித்தொகை வருதே, புள்ளைய ஏன் வேலைக்கு அனுப்பணும்?" என்கிறார் மாமியார். அவனால் வேலை பார்க்க முடியுமா?
- வாசகி, பண்ருட்டி

பதில்: அன்புச் சகோதரிக்கு, முடியும். அவனுக்கான வேலையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர் முந்திரி ஊர். முழுப் பருப்பு, பாதி, உடைசல் என்று தரம் பிரிப்பது அங்கே அன்றாட வேலை. கொட்டை உடைக்கும் பக்கம் மட்டும் அவனை விட வேண்டாம். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும்.

"முதலில் எங்காவது பயிற்சி, அப்புறம் வேலை" என்று காத்திருக்காதீர்கள். ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் செய்து காட்டுவது இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம். மையத்தில் மெழுகுவத்தி செய்யப் பழகியவனுக்கு முந்திரி மேசை புதிதாகத்தான் இருக்கும். எந்த மேசையில் உட்காரப் போகிறானோ அங்கேயே கற்றுக்கொடுக்க வேண்டும்.

பள்ளியில் அவனுக்குப் பிடித்த ஆசிரியரைச் சில நாட்கள் உடன் வர முடியுமா என்று கேளுங்கள். தொடக்கத்தில் இரண்டே கிண்ணங்கள்: முழுசு ஒன்றில், மற்றதெல்லாம் இன்னொன்றில். கிண்ணத்தின் மேல் மாதிரிக்கு ஒரு பருப்பை ஒட்டி வைத்தால், பார்த்துப் பார்த்துப் போடுவான். கை பழகியதும் மூன்றாவது கிண்ணம். நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆசிரியர் மெல்ல மெல்ல விலகட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். அம்மா இருந்தால் கண் பருப்பில் நிற்காது.

"சும்மா வந்து இருக்கட்டும்" என்று முதலாளி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிலோவுக்கு மற்றவர்களுக்கு என்ன கூலியோ, அதுவே அவனுக்கும். அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவனுக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் கிடையாது.

இன்னொன்று. 18 வயது தாண்டிவிட்டதால், பெற்றோரே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலராக விண்ணப்பிக்க வேண்டும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழு அதை வழங்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

மாமியார் மேல் வருத்தப்படாதீர்கள். வெளியில் பிள்ளையை யாராவது கேலி செய்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கும். ஒருநாள் அவரையும் அழைத்துப் போய், தூர நின்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் கூலி வந்ததும் அவனைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். பாட்டிக்கு என்ன வாங்குவது என்று அவனே சொல்லட்டும்.