கேளுங்கள் சொல்கிறோம்: கணினிப் படிப்புகள்

கே: கம்ப்யூட்டர் சயின்ஸ், கம்ப்யூட்டேஷனல் சயின்ஸ்... இரண்டும் ஒன்றுதானே?

ப: இல்லை. முதலாவதில் கணினியே பாடம்: அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர், டேட்டாபேஸ். இரண்டாவதில் கணினி வெறும் கருவி. வெப்பம் பரவுவது, காற்று ஓடுவது, புரதம் மடிவது போன்றவைதான் பாடம். துறையின் பெயரை நம்பிச் சேர வேண்டாம். பாடத்திட்டத்தில் இரண்டாம், மூன்றாம் ஆண்டைப் புரட்டிப் பாருங்கள். நியூமரிக்கல் அனாலிசிஸும் (சமன்பாடுகளுக்குத் தோராய விடையை எண்களாகக் காணும் பாடம்) பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் கட்டாயப் பாடமாக இருந்தால் அது கம்ப்யூட்டேஷனல் சயின்ஸ்.

கே: கணக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

ப: இரண்டுக்கும் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் வேண்டும். அதற்கு மேல் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு டிஸ்கிரீட் மேத்ஸ் (தனித்தனியாக எண்ணக்கூடியவற்றின் கணிதம்), மற்றதற்கு நுண்கணிதம். நுண்கணிதம் கசக்கிறது என்றால் இரண்டாவது பக்கம் போகாதீர்கள்.

கே: உலோகக் கம்பியில் வெப்பம் பரவுவதைப் பைத்தானில் எழுதினேன். கம்பியை 50 துண்டாக்கியபோது சரியாக வந்தது. துல்லியம் கூடட்டுமே என்று 100 துண்டாக்கினேன். எண்கள் மேலும் கீழுமாகத் துள்ளி, கடைசியில் ‘நேன்’ (NaN, ‘எண் அல்ல’) என்று வருகிறது. எங்கே தவறு?

ப: புரோகிராமில் இல்லை, காலப்படியில். நீங்கள் எழுதியது வெளிப்படை முறை (இப்போதைய வெப்பநிலைகளிலிருந்தே அடுத்த படியை நேரடியாகக் கணக்கிடுவது) என்று தெரிகிறது. அதில் α·Δt/Δx² என்ற விகிதம் 0.5-ஐத் தாண்டக் கூடாது (α என்பது உலோகத்தில் வெப்பம் பரவும் வேகத்தைக் காட்டும் எண், Δt காலப்படி, அதாவது ஒரு படிக்கான நேர இடைவெளி, Δx துண்டின் நீளம்). துண்டின் நீளத்தைப் பாதியாக்கிவிட்டு Δt-ஐத் தொடாமல் விட்டால் இந்த விகிதம் நான்கு மடங்காகும். முன்பு 0.4 என்று வைத்துக்கொண்டால் இப்போது 1.6. அடுத்தடுத்த புள்ளிகளில் மாறி மாறி ஏறி இறங்கும் பிழை ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ (1 − 4×விகிதம்) மடங்காகும். 0.4-க்கு அது −0.6, பிழை தேய்ந்துவிடும். 1.6-க்கு −5.4. தொடக்கத் தரவு எவ்வளவு சீராக இருந்தாலும், 16-ஆவது இலக்கத்தில் கிடக்கும் சுருக்கப் பிழைகூட (கணினி எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களோடு நிறுத்துவதால் வருவது) 22 படிகளில் 1-ஐத் தொட்டுவிடும். அதன் பிறகு நடந்ததைத்தான் திரையில் பார்த்திருக்கிறீர்கள்.

Δt-ஐ நான்கில் ஒரு பங்காக்குங்கள். புள்ளிகள் இரண்டு மடங்கு, படிகள் நான்கு மடங்கு. மொத்த வேலை எட்டு மடங்கு. அது கட்டுப்படியாகாவிட்டால் கிராங்க்–நிக்கல்சன் முறைக்கு (இப்போதைய படி, அடுத்த படி இரண்டின் சராசரியைக் கொண்டு கணக்கிடுவது) மாறுங்கள். அங்கே ஒவ்வொரு படியிலும் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும். அதற்காக அணியின் நேர்மாறைக் கண்டுபிடித்துப் பெருக்காதீர்கள் (மாணவர்கள் தவறாமல் செய்யும் காரியம் இது). மூலைவிட்டத்தையும் அதன் இரு பக்கங்களையும் தவிர மற்ற இடமெல்லாம் பூஜ்ஜியம் என்பதால் தாமஸ் அல்காரிதமே (இத்தகைய அணிக்கென்றே உள்ள விரைவான தீர்வு முறை) போதும். ஆனால் இந்த முறை வெடிக்காது என்பதற்காகப் பெரிய Δt வைக்காதீர்கள். தொடக்க வெப்பநிலையில் திடீர்த் தாவல் இருந்தால் விடையில் பொய்யான அலை தெரியும்.

கே: விடை தெரியாத கணக்கில் என் புரோகிராம் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

ப: முதலில் விடை தெரிந்த கணக்கைக் கொடுங்கள். y′ = −y, y(0) = 1 போதும்; விடை e⁻ᵗ. படி அளவைப் பாதியாக்கும்போது ஆய்லர் முறையில் (இப்போதைய சரிவிலேயே ஒரு படி நகர்வது) பிழை பாதியாகும். நான்காம் வரிசை ரங்கே–குட்டாவில் (ஒரு படிக்கு நான்கு சரிவுகளைக் கணக்கிட்டுச் சராசரி எடுப்பது) 16-இல் ஒரு பங்காகும். 16-க்குப் பதில் 2 வந்தால், நான்கு சரிவுகளில் ஏதோ ஒன்றின் கெழுவைத் தவறாக அடித்திருக்கிறீர்கள். படி மிகவும் சிறுத்தபின் பிழை குறையாமல் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், அது சுருக்கப் பிழையின் எல்லை.