ஜூலிக்கு ஊசி போடும் நேரம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. பழனியில் குதிரை வண்டிக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதை நம்பித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஜூலிக்கு 13 வயது. பாமரேனியன் கலப்பு. ஆறு மாதம் முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள், அப்புறம் வாந்தி. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கிட்னியும் போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நானே தோலுக்கடியில் சலைன் ஏற்றுகிறேன். நாலு வேளை மாத்திரை. ராத்திரி இரண்டு தடவை எழுந்து வாசலுக்குத் தூக்கிப்போக வேண்டும். அசந்து தூங்கிவிட்டால் காலையில் பாய், விரிப்பு எல்லாம் துவைக்க வேண்டும். கணவருக்கு வெளியூர் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். இந்த ஆறு மாதத்தில் நான் மூன்று மணி நேரத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே இருந்ததில்லை.

போன வாரம் ஒரு ராத்திரி மாத்திரையைத் துப்பிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது தடவை துப்பியதும் முகத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். "செத்துத் தொலையேன்" என்று வாய்விட்டே சொன்னேன். அவள் என்னைப் பார்த்து வாலாட்டினாள்.

மாமியார், "ஒரு நாய்க்கா இவ்வளவு?" என்கிறார். நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சொன்னால், "கடைசி மூச்சு வரை விட்டுவிடாதே" என்கிறார்கள். டாக்டரைக் கேட்டால், "நீங்கதான் முடிவு பண்ணணும்." அடுத்த மாதம் காரைக்குடியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. போக ஆசையாக இருக்கிறது. ஆசைப்படுவதே குற்றமாகவும் இருக்கிறது. நான் கெட்டவளா ஐயா?

ம.,
கோயம்புத்தூர்

*

அன்புள்ள ம.,

இல்லை. அந்த ஒரு சொல்லோடு முடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் பாய் மாமாவின் குதிரையை நினைவுபடுத்திவிட்டீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். ரயிலடியிலிருந்து அடிவாரத்துக்கு ஆள் ஏற்றும் வண்டி அவருடையது. குதிரையின் பெயர் ராஜாத்தி. செம்பழுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. தைப்பூச நெரிசல் ஓய்ந்த இரண்டாம் நாள் சாயங்காலம், கொள்ளுத் தொட்டியை முகர்ந்துவிட்டு விலகி நின்றுகொண்டது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. முன்னங்காலால் தரையைப் பறித்தது. பாய் மாமா அதைக் கண்டதும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "சூலை" என்றார்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் இரைப்பையின் வாய் அவ்வளவு இறுக்கம். நாய் ஒவ்வாததைத் தின்றால் கக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். குதிரைக்கு உள்ளே போனது எதுவும் பின்பக்கமாகத்தான் வந்தாக வேண்டும். இருபது மீட்டர் சிறுகுடல், அதற்கப்புறம் அகன்று கிடந்து ஒரு வளைவில் சட்டென்று குறுகும் பெருங்குடல். எங்கே வேண்டுமானாலும் அடைக்கும், சில சமயம் முறுக்கிக்கொள்ளும். வலி பொறுக்காமல் விழுந்து புரள ஆரம்பித்தால் பக்கத்தில் ஆள் நிற்க முடியாது. அதனால் படுக்க விடாமல் நடத்துவார்கள்.

ராத்திரி முழுக்க நடத்தினார். ஐந்தாம் வகுப்புப் பையன் நான், அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். தெருமுனை வரை போய்த் திரும்பி, மறுபடி தெருமுனை. நடுநடுவே நிறுத்தி அதன் விலாவில் காதை வைத்துக் கேட்பார். என்னையும் வைக்கச் சொன்னார். நல்ல குதிரையின் வயிற்றுக்குள் தூரத்தில் பானை உருள்வதுபோல எந்நேரமும் ஒரு சத்தம் இருக்கும், எனக்கு அது முன்னமே பழக்கம். அன்றைக்குச் சுவரில் காதை வைத்ததுபோல இருந்தது.

மூன்று மணி இருக்கும். ராஜாத்தியின் கழுத்தெல்லாம் வேர்வை நுரைத்திருந்தது. பாய் மாமா அதன் நெற்றியில் தன் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்று, "போயிடு தாயி. என்னால முடியல. போயிடு" என்றார். சொன்ன வாய் மூடுமுன் கயிற்றை இழுத்து, "நட, நட" என்று மறுபடி கிளப்பினார்.

இவர் குதிரை சாக வேண்டும் என்கிறாரா, பிழைக்க வேண்டும் என்கிறாரா என்று எனக்கு அன்று விளங்கவில்லை. "செத்துத் தொலையேன்" என்றபிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. நான் சொல்லட்டுமா? நாலாவது தடவை அந்த மாத்திரையைக் கொடுத்திருப்பீர்கள்.

காலையில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சைக்கிளில் வந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார், ஊசி போட்டார். லத்தி விழுந்தால் பிழைத்தது என்றார். நாங்கள் அத்தனை பேரும் ஒரு குதிரையின் வாலுக்குப் பின்னால் கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தோம். விழவில்லை. மதியம் போய்ச் சேர்ந்தது.

தெருவில் வந்து விசாரித்தவர்கள் கேட்டது, "என்ன விலைக்கு வாங்கினது?" ஒருவர் ஆறுதலாகவே சொன்னார்: "ஆடியில அந்தியூர் சந்தைக்குப் போனா வேற பாத்துக்கலாம் பாய்." அவர் தலையாட்டினார். வண்டி இல்லாமல் ஆடி வரை என்ன சாப்பிடுவது என்பதும் அந்தத் தலையாட்டலில் இருந்திருக்கும்.

நம்மவர்களுக்கு விலங்கின் சாவு பெரிதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஜல்லிக்கட்டுக் காளை செத்தால் மாலை போட்டு, மேளம் வைத்து, ஊரே கூடி அடக்கம் செய்கிறார்கள். சாவுக்கு முறை இருக்கிறது, சீக்குக்குத்தான் இல்லை. மனிதர் படுத்தால் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு நாலு பேர் வருவார்கள். படுத்தவர் அதைக் குடிக்கக்கூட மாட்டார். ஆனால் பார்த்துக்கொள்பவர் அந்த நாலு பேரிடம் கால் மணி நேரம் புலம்பிவிட்டு எழுந்திருப்பார். ஜூலிக்கு யார் ஹார்லிக்ஸ் வாங்கி வரப்போகிறார்கள்? அதனால் உங்களுக்கு அந்தக் கால் மணி நேரமும் இல்லை.

இந்தக் களைப்பை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் மேரி பெத் ஸ்பிட்ஸ்நேகலும் உடன் பணியாற்றியவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு. நாள்பட்ட நோயுள்ள பிராணியை வைத்திருக்கும் 119 பேர், ஆரோக்கியமான பிராணி வைத்திருக்கும் 119 பேர். மறதிநோய் வந்த பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காக உருவான கேள்வித்தாளைக் கொஞ்சம் மாற்றி இவர்களிடம் கொடுத்தார்கள். முதல் கூட்டத்தாருக்குச் சுமை, மன உளைச்சல், சோர்வு எல்லாமே கூடுதல். மாமியாரிடம் காட்டச் சொல்லவில்லை. காட்டினால் "அமெரிக்காக்காரனுக்கு வேற வேலை இல்ல" என்பார். நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன், எழுதவில்லை. முன்னாலேயே கவனித்திருந்தால்? சிறுநீரகத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி செயலிழந்த பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிக் காட்டும். அதுவரை நாய் ஓடும், குரைக்கும், சோற்றுக்குச் சண்டை போடும். நீங்கள் எதையும் தவறவிடவில்லை. நீங்கள் ஏற்றும் சலைன் கிட்னியைச் சரியாக்காது, நாளைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் என்பதும் டாக்டர் சொல்லியிருப்பார். குணமாகும் என்றால் ஆறு மாதம் என்ன, ஆறு வருடம்கூடத் தூக்கம் விழிக்கலாம். ஆகாது என்று தெரிந்தே தினமும் ஊசியைப் பிரிப்பதுதான் ஆளைத் தின்கிறது.

சரி, முடிவு. வாட்ஸ்அப் குழுவின் "கடைசி மூச்சு வரை" எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்பவர்கள் யாரும் ராத்திரி இரண்டு மணிக்கு ஜூலியைத் தூக்க வரப்போவதில்லை. தவிர, அது எப்போதும் அன்புதானா என்றும் எனக்குச் சந்தேகம். முடிவெடுக்கும் பயத்துக்கும் அந்தச் சொல் வசதியாக இருக்கிறது.

டோரதி புரூக் என்ற ஆங்கிலேயப் பெண் 1930இல் கெய்ரோவுக்குப் போனார். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படை அங்கேயே விற்றுவிட்டுப் போன குதிரைகள், கிழடு தட்டி, எலும்பும் தோலுமாகத் தெருக்களில் பாரம் இழுத்துக்கொண்டிருந்தன. அடுத்த வருடம் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, மூன்றே வருடத்தில் சுமார் 5,000 குதிரைகளை வாங்கினார். 1934இல் அங்கே அவற்றுக்கென்று ஒரு மருத்துவமனையே தொடங்கினார். ஆனால் வாங்கியவற்றில் பெரும்பாலானவை பிழைக்கும் நிலையில் இல்லை. நிம்மதியாகக் கொஞ்சம் ஓய்வும் தீனியும் கொடுத்து, அப்புறம் வலியில்லாமல் அனுப்பிவைத்தார். அனுப்பிவைப்பதற்காகவே காசு கொடுத்து வாங்குவது! இத்தனை தடவை அந்த முடிவை எடுத்த பெண் ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார் என்று யோசித்திருக்கிறேன். அவரை யாரும் அன்பில்லாதவர் என்று சொன்னதில்லை.

ஜூலிக்கு அந்த நாள் வந்துவிட்டதா என்று அவளைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. பிராணிகளின் கடைசிக் காலத்துக்கு ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு மதிப்பெண் முறை வகுத்திருக்கிறார். வலி, பசி, நடமாட்டம் என்று ஏழு கேள்வி. எனக்கு உதவியது கடைசிக் கேள்வி: நல்ல நாள் அதிகமா, கெட்ட நாள் அதிகமா? மனசில் கணக்கு வைக்காதீர்கள். மனசு நேற்றைய வாந்தியை மட்டுமே ஞாபகம் வைத்துக்கொள்ளும், அல்லது நேற்றைய வாலாட்டலை மட்டும். மாதக் காலண்டரில் குறியுங்கள். ஜூலிக்கு எது நல்ல நாள் என்று உங்களுக்குத்தான் தெரியும். பால்காரரைப் பார்த்துக் குரைத்தாளா என்பது போதுமான அளவுகோல். அதே கட்டத்தில் உங்களுக்கும் ஒரு குறி போடுங்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று. ஒரு மாதம் கழித்து அந்தத் தாளை டாக்டர் முன்னால் வைத்து, "உங்க வீட்டு நாயா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "நீங்கதான் முடிவு பண்ணணும்" என்பவர்கள்கூட இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்லிவிடுவார்கள்.

முகத்தைப் பிடித்துத் தள்ளியது நடந்துபோனது. இன்னொரு ராத்திரி கை அப்படிப் போகும்போலிருந்தால் மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். பத்து நிமிஷம் தாமதமாகப் போகும் மாத்திரையால் எதுவும் கெட்டுவிடாது.

காதுகுத்துக்குப் போங்கள். கணவரை இரண்டு நாள் லீவு போடச் சொல்லுங்கள். வரும் சனிக்கிழமையே அவருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, இரண்டு சொட்டு புறங்கையில் விட்டுப் பார்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஏற்றி முடித்ததும் முதுகில் ஒட்டகத் திமில்போல எழும் மேடு, ராத்திரிக்குள் ஒரு பக்கத்து முன்னங்காலுக்கு இறங்கிக் காலே வீங்கியதுபோலத் தெரியும். அதை மட்டும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள் அதைப் பார்த்துப் பதறி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டேன்.