வாசலில் ஒரு வேம்பு (கடிதம்)

ஐயா,

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேப்பமரத்தின் கொழுந்தெல்லாம் மழை முடிந்த கையோடு கருகிவிட்டது. மாடியை ஒட்டிய கிளையில் கறுப்பும் சிவப்புமாகச் சின்னப் பூச்சிகளைப் பார்த்தேன். கைப்பேசியில் தேடினால் 'தேயிலைக் கொசு' என்று வருகிறது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இது கடிக்குமா? அப்பா மரத்தை வெட்டிவிடலாம் என்கிறார். என்ன மருந்து அடிக்கலாம்?

கு.

அன்புள்ள கு.,

குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம், இது ரத்தம் குடிக்கும் பூச்சி இல்லை. மரமும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இந்தக் கருகலில் ஒரு பூஞ்சைக்கும் பங்குண்டு. மழைக்காலத்தில் கருகிய வேம்பு மாசி, பங்குனியில் துளிர்ப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம். கைக்கெட்டும் கிளையில் பூச்சி இருக்கிறது. அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மீதி நேரமெல்லாம் கைப்பேசியைப் பார்த்திருக்கிறீர்கள். அதன் முதுகில் குண்டூசியை நட்டதுபோல், நுனியில் குமிழோடு ஒரு முள் நிற்குமே, கண்ணில் பட்டதா? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அது கொசுவே இல்லை, நாவாய்ப்பூச்சி. ஒல்லியான உடம்பும் நீளக் காலும் இருப்பதால் தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். நம் கடலூர்ப் பக்கம் ஏது தேயிலை? இங்கே அது குடிப்பது முந்திரியையும் வேம்பையும். முந்திரி போர்த்துக்கீசியரோடு வந்த மரம், பூச்சியோ இந்த மண்ணுக்கே உரியது. நாம் பூச்சியை விரட்ட வேப்பெண்ணெய் தெளிக்கிறோம், இது வேம்பின் கொழுந்திலேயே உட்கார்ந்து சாறு குடிக்கிறது.

குடிக்கும்போது இறக்கும் எச்சில்தான் நஞ்சு. குத்திய இடம் முதலில் நீர் கோத்தாற்போல் இருக்கும், பிறகு பழுப்பாகிக் கறுக்கும். அப்படிப் பல குத்துகள் சேர்ந்தால் நுனியே காய்ந்துவிடும். முட்டையை இளந்தண்டின் சதைக்குள் செருகிவிடும். வெளியே இரண்டு மயிரிழை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சு வரும். அது ஐந்து பருவம் வளர்ந்து, இரண்டு வாரத்தில் சிறகு முளைத்துவிடும். காலையிலும் மாலையிலும்தான் நன்றாக மேயும். உச்சி வெயிலில் உள்கிளை நிழலில் ஒதுங்கிவிடும்.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு இருபத்திரண்டு வயதில் தெரிந்திருக்க வேண்டும்.

காடாம்புலியூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று காணி முந்திரி இருந்தது. அதை ஆயாதான் பார்த்துக்கொண்டது. மரத்தில் முசுறு, அதாவது இலைகளைத் தைத்துக் குடியிருக்கும் சிவப்பு எறும்பு, கூடு கட்டியிருந்தால் கலைக்க விடாது. கொட்டை பொறுக்க வருகிறவர்கள் கடி தாங்காமல் திட்டுவார்கள், ஆயா அசையாது. கிணற்றுக்கு ஆகாத பழைய கயிற்றை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டி, முசுறு நடக்க வழி பண்ணும். "முசுறு ஏறுன மரத்துல பூ கருகாதுடா" என்று சொல்லும். ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆராய்ச்சியாளர்கள் முந்திரித் தோப்புகளில் இதே முசுறு இனத்தை வைத்துச் சோதித்து, பலன் கண்டிருக்கிறார்கள். அங்கே வருவது இந்தப் பூச்சியின் பங்காளி. ஆயா எழுதப் படிக்கத் தெரியாதது.

ஆயா போன மறுவருஷம் தை மாதம், சில மரங்களில் பூ கருகத் தொடங்கியது. கடைக்காரர் ஒருவர் கொடுத்த இரண்டு புட்டியையும் கலக்கி, பட்டப்பகலில் தோப்பு முழுக்க அடித்தேன். அந்த நேரத்தில் பூவில் இருந்தவை தேனீக்களும் ஈக்களும்தான். முந்திரி மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றை நம்பிப் பயனில்லை. பூச்சி வந்தால்தான் காய் பிடிக்கும். மறுநாள் போனபோது ஆயா கட்டிய கயிற்றுக்கு அடியில் முசுறு கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தது. அந்த வருஷம் பாதிக் கொட்டைகூடத் தேறவில்லை. அடுத்த தையில் தோப்பு முழுவதும் கருகியது.

கேரளத்துக் காசர்கோட்டின் முந்திரித் தோப்புகளில் இதே பூச்சிக்காகத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். அங்கே ஊனத்தோடு பிறந்த குழந்தைகளின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது. பூ கருகி நிற்கிற விவசாயியிடம் எதுவுமே அடிக்காதே என்று நான் சொல்லமாட்டேன். எதை, எப்போது, எவ்வளவு என்று விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுச் செய்யட்டும். வாசலில் ஒரே ஒரு வேம்பும் தொட்டிலில் குழந்தையும் வைத்திருக்கிற நீங்கள் எதற்கு அடிக்க வேண்டும்?

அந்த மூன்று காணியையும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்துவிட்டது. இப்போது அங்கே தங்கை வைத்த ஒட்டுக்கன்றுகள் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. போன மாதம் ஒரு மரத்தில் முசுறு இலை தைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து மரத்துக்கு நைலான் கயிறு ஒன்று கட்டிவிட்டு வந்தேன்.

சரி, நீங்கள் கருகிய நுனிகளில் எட்டுகிறதை மட்டும் நறுக்கிப் போடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் வெயில் ஏறுவதற்குள் மாடிக்குப் போய், பச்சைத் தண்டு ஒன்றை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு மயிரிழை தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.