பிளேசர்ஸ் போர்ட்லேண்டை விட்டுப் போகுமா? – கேள்வி பதில்

அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்திலுள்ள போர்ட்லேண்ட் நகரின் டிரெயில் பிளேசர்ஸ் கூடைப்பந்து அணியை டாலஸ் தொழிலதிபர் டாம் டண்டன் தலைமையிலான குழுவுக்கு விற்க உடன்பாடு ஏற்பட்டுள்ளதாக 2025 ஆகஸ்டில் செய்தி வந்தது. பேசப்பட்ட விலை 400 கோடி டாலருக்கும் மேல். அதையொட்டி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே அச்சத்தை வெவ்வேறு சொற்களில் கேட்டன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். புதிய உரிமையாளர் அணியை வேறு ஊருக்குக் கொண்டு போய்விடுவாரா? – ஓர் அன்பர், பீவர்ட்டன்

கொண்டு போகமாட்டார் என்றே கருதுகிறேன். ஆனால், "கொண்டு போய்விடுவாரோ" என்று ஊருக்குள் நிலவும் பயத்தை அவர் வீணாக விட்டுவிடவும் மாட்டார். அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் அணியை இடம் மாற்றுவதைவிட, மாற்றக்கூடும் என்ற சந்தேகத்தை உயிரோடு வைத்திருப்பதுதான் பல நேரங்களில் அதிக லாபம் தருகிறது. நகராட்சியும் மாநில அரசும் அரங்கத்துக்குப் பணம் ஒதுக்குவது அந்தச் சந்தேகம் இருக்கும் வரையில்தான்.

அணி போர்ட்லேண்டிலேயே இருக்கும் என்று உரிமையாளர் வாக்குக் கொடுத்தால் நம்பலாமா? – ஒரு வாசகி, ஹில்ஸ்பரோ

வாக்கை அல்ல, பத்திரத்தை நம்புங்கள். இதற்கு மூன்று மணி நேரக் கார் பயணத் தொலைவிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் அணியை, ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2001-இல் 20 கோடி டாலருக்கு வாங்கினார். கீ அரீனா என்ற அரங்கத்தை அரசுப் பணத்தில் புதுப்பிக்க அவர் எடுத்த முயற்சி பலிக்காததால், 2006-இல் ஒக்லஹோமா சிட்டியைச் சேர்ந்த கிளே பென்னட்டின் குழுவுக்கு 35 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். புதிய அரங்கத்துக்காக ஓராண்டு காலம் நல்லெண்ணத்துடன் முயல வேண்டும் என்பது அந்த விற்பனையின் நிபந்தனை. பென்னட்டும் ரென்டன் என்ற புறநகரில் சுமார் 50 கோடி டாலர் செலவில் அரங்கம் கட்டலாம் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். மாநிலச் சட்டமன்றம் அதற்கு இசையவில்லை. இதற்குள் சியாட்டில் வாக்காளர்களும், நகரத்துக்கு நியாயமான வருவாய் தராத விளையாட்டு அணிகளுக்குப் பொதுப் பணம் கூடாது என்ற முன்மொழிவைப் பெரும்பான்மையாக நிறைவேற்றியிருந்தார்கள்.

2007 ஆகஸ்டில் அந்தக் குழுவின் பங்காளிகளில் ஒருவரான ஆப்ரி மெக்லெண்டன், அணியைச் சியாட்டிலில் வைத்திருப்பதற்காகத் தாங்கள் வாங்கவில்லை என்று ஒரு பத்திரிகையிடம் மனம் திறந்து சொல்லிவிட்டார். இந்த அணிகள் ஆடும் என்.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீக் அவருக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. (உண்மையைச் சொன்னதற்கு ஒரு கோடீசுவரர் கட்டிய அபராதம் என்றுதான் நான் அதை நினைவில் வைத்திருக்கிறேன்.) பிறகு நகராட்சி தொடுத்த வழக்கில், ஓராண்டுக் கெடு முடியும் முன்பே பங்காளிகள் இடமாற்றத்தைப் பற்றி எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் வெளிவந்தன. 2008 ஏப்ரலில் லீக்கின் அணி உரிமையாளர்கள் 28-க்கு 2 என்ற வாக்குகளில் இடமாற்றத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். கீ அரீனா குத்தகை 2010 வரை இருந்தது. ஆனால் 2008 ஜூலையில் 4.5 கோடி டாலரைப் பெற்றுக்கொண்டு நகராட்சி வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது. 41 ஆண்டுகள் அந்த ஊரில் ஆடிய அணி, ஒக்லஹோமா சிட்டி தண்டர் ஆனது.

எதிர்த்து விழுந்த இரண்டு வாக்குகளில் ஒன்று டாலஸ் அணியின் மார்க் கியூபனுடையது. மற்றொன்று பிளேசர்ஸின் அன்றைய உரிமையாளர் பால் ஆலனுடையது.

அப்படியானால் மற்ற உரிமையாளர்கள் எப்போதும் தலையாட்டிவிடுவார்களா? – ஓர் அன்பர், வான்கூவர் (கனடா)

எப்போதும் இல்லை. என்.பி.ஏ. விதிப்படி ஓர் அணியை விற்க நான்கில் மூன்று பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் வேண்டும்; இடம் மாற்றுவதற்கோ சாதாரணப் பெரும்பான்மையே போதும். உரிமையாளராக நுழைவது கடினம், நுழைந்தபின் மூட்டை கட்டுவது எளிது என்ற இந்த வரிசை எனக்கு எப்போதும் விந்தையாகவே படுகிறது.

ஆனாலும் 2013-இல் அந்த வாக்கெடுப்பு மறுபுறம் சாய்ந்தது. சாக்ரமென்டோ கிங்ஸ் அணியை மலூஃப் குடும்பத்தார் சியாட்டிலைச் சேர்ந்த ஒரு குழுவுக்கு விற்க இசைந்திருந்தார்கள். அந்தக் குழுவில் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மரும் இருந்தார். முன்னாள் என்.பி.ஏ. வீரரான சாக்ரமென்டோ மேயர் கெவின் ஜான்சன், மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையில் உள்ளூருக்கு ஆதரவான முதலீட்டாளர்களைத் திரட்டியதோடு, நகராட்சியின் பங்களிப்புடன் புதிய அரங்கத்துக்கான திட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு லீக்கின் முன் போய் நின்றார். இடமாற்றம் 22-க்கு 8 என்று தோற்றது. ஊரார் எழுப்பிய முழக்கத்தைப் போலவே அரங்கத் திட்டமும் வாக்குகளை ஈர்த்தது. முழக்கம் மட்டும் போதுமென்றால் சியாட்டிலும் தப்பியிருக்கும்.

உங்கள் ஊரின் கதை உங்களுக்கே தெரியும். மைக்கேல் ஹைஸ்லி 2000-இல் கிரிஸ்லீஸ் அணியை வாங்கியபோது வான்கூவரிலேயே வைத்திருக்கப் போவதாகச் சொன்னார். 2001-இல் அணி மெம்ஃபிஸில் இருந்தது.

விற்பவர் நினைத்தால் வாங்குபவரைக் கட்டிப்போட முடியாதா? – ஓர் அன்பர், சேலம் (ஒரிகான்)

முடியும். 2014-இல் மில்வாக்கி பக்ஸ் அணியை 55 கோடி டாலருக்கு விற்ற ஹெர்ப் கோல், அணி அந்த நகரிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்ததோடு, புதிய அரங்கத்துக்காகத் தம் பணத்திலிருந்து 10 கோடி டாலரையும் கொடுத்தார். குறித்த கெடுவுக்குள் அரங்கப் பணி நடக்காவிட்டால் அணியை லீக்கே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற பிரிவும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. அரங்கம் 2018-இல் திறந்தது. ஆயினும் அந்தத் திரும்ப வாங்கும் பிரிவு மாநில அரசின் கழுத்தில் வைத்த கத்தியாகவும் வேலை செய்தது என்பதை மறக்க வேண்டாம்: அரங்கச் செலவில் 25 கோடி டாலரைப் பொதுமக்கள்தான் சுமந்தார்கள்.

ஆலன் குடும்பத்தார் ஏன் விற்கிறார்கள்? – ஒரு வாசகர், டிகார்ட்

பால் ஆலன் 1988-இல் 7 கோடி டாலருக்கு வாங்கிய அணி இது. 2018-இல் அவர் மறைந்தார். சொத்தைப் படிப்படியாக விற்று அறப்பணிகளுக்குத் தர வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. அதனை நிறைவேற்றும் பொறுப்பு அவருடைய சகோதரி ஜோடி ஆலனுடையது. ஆகவே இந்த விற்பனை என்றாவது ஒரு நாள் வந்தே தீர வேண்டியதுதான்.

பிளேசர்ஸ் ஆடும் மோடா சென்டர் அரங்கத்தின் குத்தகை என்ன நிலையில் இருக்கிறது? – ஒரு வாசகி, கிரெஷாம்

நான் கவலைப்படுவதென்றால் இந்த இடத்தில்தான் கவலைப்படுவேன். 1995-இல் ரோஸ் கார்டன் என்ற பெயரில் திறக்கப்பட்ட அந்த அரங்கத்தை 2024-இல் நகராட்சி தன் உடைமையாக்கிக்கொண்டு, குத்தகையை 2030 வரை நீட்டித்தது. அதற்கு மேல் ஐந்தாண்டு நீட்டிக்க வழியும் வைத்தது. அன்று எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் பெரிய அரங்கங்களுக்கான குத்தகைகள் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு எழுதப்படுபவை. ஐந்தாறு ஆண்டுக் குத்தகை என்பது இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்குக் கால அவகாசம் எடுத்துக்கொண்டதாகத்தான் பொருள்படும். அரங்கத்துக்கோ வயது முப்பது. போர்ட்லேண்டுக்கு அநேகமாகப் புதிய அரங்கம் தேவைப்படும் என்று லீக்கின் கமிஷனர் ஆடம் சில்வரே சொல்லியிருக்கிறார். அணி அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் லீக்கின் விருப்பம் என்றும் அதே மூச்சில் சொன்னார். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டண்டனின் பழைய வரலாறு என்ன சொல்கிறது? – ஓர் அன்பர், யூஜீன்

2018 முதல் அவர் வட கரோலினாவின் ராலே நகரில் கரோலினா ஹரிகேன்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியை நடத்துகிறார். வெளியூர்க்காரர் என்பதால் அங்கும் இதே பயம் எழுந்தது. அணி ராலேயை விட்டுப் போகவில்லை. 2023-இல் இருபது ஆண்டுக் குத்தகை நீட்டிப்பு கையெழுத்தானது. அதற்கு ஈடாக அரங்கத்தைப் புதுப்பிக்க 30 கோடி டாலர் பொதுப் பணமும், சுற்றியுள்ள நிலத்தை மேம்படுத்தும் உரிமையும் கிடைத்தன. அவர் எப்படிப் பேரம் பேசுவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான மாதிரி தேவையில்லை. கார் கடன் தொழிலில் பொருள் ஈட்டியவருக்கு நீண்ட கால ஒப்பந்தத்தின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சியாட்டிலுக்கு அணி வேண்டும், அரங்கமும் தயார். பக்கத்து ஊர் அணியையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ? – ஓர் அன்பர், டகோமா

பழைய கீ அரீனாவை ஏறக்குறைய முழுவதும் புதிதாகக் கட்டி 2021-இல் கிளைமேட் பிளெட்ஜ் அரீனா என்று திறந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் சியாட்டில், லாஸ் வேகஸ் ஆகிய இரு நகரங்களும் புதிய அணிகளுக்கான ஊர்களாக வெகு காலமாகப் பேசப்படுகின்றன. புதிய அணி ஒன்று சேர்க்கப்பட்டால், அதற்காகக் கட்டப்படும் நுழைவுக் கட்டணத்தை முப்பது உரிமையாளர்களும் பங்கிட்டுக்கொள்வார்கள்; வீரர்களுடன் பகிர வேண்டியதும் இல்லை. போர்ட்லேண்ட் அணியைச் சியாட்டிலுக்கு மாற்ற அனுமதித்தால் அந்தப் பெரும் பணம் கைநழுவிப் போகும். தங்கள் பையிலிருந்தே பணம் எடுத்து டண்டனுக்கு உதவ மற்றவர்கள் எதற்காக வாக்களிக்க வேண்டும்? எல்லாக் காரணங்களிலும் எனக்கு மிக வலுவாகத் தெரிவது இதுதான்.

வேறொன்றும் உண்டு. 2025-26 முதல் பதினோரு ஆண்டுகளுக்கான தேசிய ஒளிபரப்பு ஒப்பந்தம் ஏறத்தாழ 7,600 கோடி டாலர் பெறும்; அது அணிகளுக்குச் சமமாகப் பிரிகிறது. பெரிய ஊருக்குப் போனாலும் அந்தப் பங்கு கூடுவதில்லை. 2008-க்குப் பின் என்.பி.ஏ.வில் எந்த அணியும் தன் பெருநகரப் பகுதியை விட்டு வெளியேறவில்லை. நெட்ஸ் நியூ ஜெர்சியிலிருந்து புரூக்ளினுக்கும், வாரியர்ஸ் ஓக்லண்டிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் போனது பக்கத்துத் தெருவுக்கு வீடு மாற்றியது போன்றது.

அப்படியென்றால் அரங்கத்துக்கு வரிப்பணம் தர வேண்டாம் என்கிறீர்களா? – ஒரு வாசகி, போர்ட்லேண்ட்

அப்படிச் சொல்லவில்லை. கட்டடம் இப்போது நகராட்சியுடையது. சொந்த வீட்டின் கூரையைச் சரிசெய்வதில் குற்றமில்லை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன், குத்தகைக் காலம் முடியுமட்டும் அணி இடம்பெயராது என்ற உறுதியை நீதிமன்றத்தில் நிறைவேற்றத்தக்க தனி ஒப்பந்தமாக வாங்க வேண்டும். இடையில் விலகினால் வெறும் இழப்பீடு போதாது. சியாட்டிலில் குத்தகையே கடைசியில் 4.5 கோடி டாலர் விலையுள்ள ஒரு காகிதமாகிவிட்டது. அரங்கத்தைச் சுற்றியுள்ள நில மேம்பாட்டில் வரும் லாபத்திலும் நகரம் பங்கு கேட்கலாம். அணி போய்விடும் என்று அஞ்சி அவசரப்படத் தேவையில்லை என்பதற்கான காரணங்களை மேலே சொன்னேன். பேரத்தில் அவை நகரத்தின் கையிலுள்ள சீட்டுகள்.

நாங்கள் பருவச் சீட்டு வைத்திருக்கிறோம். புதுப்பிக்கலாமா? – ஒரு தம்பதியர், லேக் ஆஸ்வீகோ

தயங்காமல் புதுப்பியுங்கள். இடம் மாற விரும்பும் அணி, புதிய ஊரில் ஆடத் தொடங்கும் பருவத்துக்கு முந்தைய மார்ச் 1-ஆம் தேதிக்குள் லீக்கிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஓர் இரவில் லாரி ஏற்றிக்கொண்டு போக முடியாது. குத்தகை 2030 வரை இருக்கிறது. அதற்குள் மூன்று பருவம் ஆகியும் நீண்ட கால ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை என்றால் மறுபடியும் எழுதுங்கள். அப்போது என் விடை மாறக்கூடும்.