எனக்கு மட்டும் ஏன் மனசு உடைந்து போகிறது?

கேள்வி: எனக்கு 36 வயது. துரைப்பாக்கத்தில் ஒரு ஐடி கம்பெனியில் இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு சேர்ந்து வேலை இழந்த நண்பன் இப்போது தெளிவாக இருக்கிறான். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. நான் மனசளவில் கோழையா?
- பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: இல்லை தம்பி. வேலை போனதோடு, அது போகாத மாதிரி நடிக்கிற வேலையையும் தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிறீர்கள். 'இன்னைக்கு மீட்டிங் எப்படிப் போச்சு?' என்று மனைவி கேட்டால் அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். தூக்கம் வராததில் என்ன ஆச்சரியம்? உங்கள் நண்பன் வீட்டில் சொல்லிவிட்டாரா என்று கேட்டுப் பாருங்கள், சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மனதிடம் சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது, மற்றவர்களுக்குக் கிடையாது என்று நினைக்கிறோம். ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, அப்பாவின் குடி, ஓயாத சண்டை என்று பல கஷ்டங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்லபடியாகவே ஆளாகியிருந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒரு விஷயம், தாத்தாவோ பாட்டியோ ஆசிரியரோ, நம்பிப் பேச ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. இதைவிட எனக்குப் பிடித்த செய்தி இன்னொன்று உண்டு: பதின்பருவத்தில் தடுமாறியவர்களில் பலரும் முப்பது, நாற்பது வயதுக்குள் எழுந்து நின்றுவிட்டார்கள். அதனால் உங்களுக்கு 36-ல் எதுவும் முடிந்து போய்விடவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்று கூப்பிட்டவர்களை மீனவர்கள் படகோடு வந்து மீட்டார்கள், கூப்பிட்டவர்களை யாரும் கோழை என்று சொல்லவில்லையே. நீங்களும் கூப்பிடுங்கள். முதலில் மனைவியிடம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, டிவியை அணைத்துவிட்டு, 'எனக்கு வேலை போயிடுச்சு, உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் இத்தனை நாள் மறைச்சேன்' என்று சொன்னால் போதும். அவருக்குக் கோபம் வரலாம், அழலாம், அதிலும் வேலை போனதைவிட மறைத்ததற்குத்தான் அதிகம் கோபப்படுவார், அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து வீட்டுக் கடன் தவணை, ஸ்கூல் பீஸ், கையிருப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய் நிலைமையைச் சொல்லிப் பேசுங்கள். இருட்டில் கிடந்து புரளும்போது மலையாகத் தெரிந்த கவலை, எழுதி வைத்த தொகையாக மாறினால் அதற்கு ஏதாவது செய்ய முடியும்.

நூலகத்துக்குப் போவதை நிறுத்த வேண்டாம், வீட்டுக்குத் தெரிந்தே போங்கள். காலையில் விண்ணப்பங்கள், பழைய சகாக்களுக்குப் போன். மதியத்துக்கு மேல் வேலை தேடுவதை மூடி வைத்துவிடுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நடங்கள், தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் தூக்கத்தைத் திருப்பிக் கொண்டுவர இவை உண்மையிலேயே உதவும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் சரியாகாமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளியாகவே பார்த்துவிட்டு வரலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: என் பையன் எட்டாம் வகுப்பு. மார்க் குறைந்தால் அழுதுவிடுகிறான். கொஞ்சம் கண்டிப்பாக, கஷ்டம் தெரிகிற மாதிரி வளர்த்தால் மனசு கெட்டிப்படுமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: படாது சார். தாங்க முடிகிற சின்ன சிரமங்களை, பக்கத்தில் ஆள் இருக்கிற தைரியத்தோடு கடந்து வந்தால்தான் குழந்தைக்குத் தெம்பு வரும். வேண்டுமென்றே கொடுக்கிற கஷ்டத்தில் அவன் கற்றுக்கொள்வது, அப்பாவிடம் எதையும் சொல்லக் கூடாது என்பதைத்தான். அழுது முடிக்கட்டும். பிறகு விடைத்தாளை வாங்கி, 'எந்தக் கணக்குல மாட்டிக்கிட்ட?' என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கணக்கை அவனே போடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அத்தை பையன் எவ்வளவு மார்க் என்கிற பேச்சு மட்டும் வேண்டாம்.